முட்டிக்கு அடியிலிருக்கும் தலையணையை எடுத்துவிடுங்கள்

நான் இயன்முறைச் சிகிச்சை தரும் பிசியோ. பத்து நாளைக்கு முன்னால் ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். 67 வயது அம்மா, மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து ஏழாவது வாரம். வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில், கைக்கெட்டும் தூரத்தில் ஃபிளாஸ்க், காலை மதியம் ராத்திரி என்று பிரித்து வைத்த மாத்திரை டப்பா. கவனிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. போர்வையை விலக்கினேன். ஆபரேஷன் செய்த முட்டிக்கு அடியில் ஓர் இலவம்பஞ்சுத் தலையணை. முட்டி இருந்த இடம் பள்ளமாக அமுங்கி, பஞ்சு இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கிடந்தது. ஏழு வாரமாக அது அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

காலை நீட்டச் சொன்னேன். நேராவதற்கு இன்னும் 20 டிகிரி பாக்கி. மடக்கச் சொன்னேன். 55-ஐத் தாண்டவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாங் கண்ணு, இன்னைக்கு இது போதும், தையல் பிரிஞ்சுக்கும்" என்றார். பக்கத்தில் நின்ற மகன் சொன்னார்: "ஒரு நாள்கூட அம்மாவ அழுத்திக் கால் ஊன விட்டதில்லைங்க மேடம். அவ்வளவு பத்திரமாப் பாத்துக்கிட்டோம்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பாசத்தில் செய்ததுதான். ஆனால் இந்த மாதத்தில் இப்படி நான் பார்க்கும் மூன்றாவது வீடு இது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லா வீட்டிலும் ஒரே நினைப்பு: எலும்பில் கை வைத்திருக்கிறார்கள், அது கூடும் வரை அசைக்கக் கூடாது. இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். சொந்தத்தில் யாராவது வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டிருப்பார். மாவுக்கட்டோ புத்தூர்க் கட்டோ போட்டு ஆறு வாரம் படுத்திருப்பார். அந்த ஆறு வாரக் கணக்கை அப்படியே மூட்டு மாற்றுக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். தயவுசெய்து கேளுங்கள். மூட்டு மாற்றில் கூட வேண்டிய எலும்பு என்று ஒன்று கிடையாது. தேய்ந்துபோன முனைகளைச் சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுக்கிறார்கள். தொடை எலும்பின் முனைக்கு ஓர் உலோக உறை, கீழ்க்கால் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவில் கெட்டியான பாலிஎத்திலீன் துண்டு. பெரும்பாலானவர்களுக்கு உலோகத்தை எலும்புச் சிமெண்ட் வைத்து ஒட்டுகிறார்கள். அந்தச் சிமெண்ட் ஆபரேஷன் மேஜையிலேயே, கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடும். தோலைத் தைத்து மூடுவதற்கு முன்பே மருத்துவர் அந்த முட்டியை முழுக்க மடக்கி நீட்டிப் பார்த்துவிடுகிறார். தியேட்டரை விட்டு வெளியே வரும்போதே அந்த மூட்டு உடம்பின் பாரத்தைத் தாங்கத் தயார். இல்லையென்றால் அன்று சாயங்காலமோ மறுநாள் காலையோ வாக்கரைக் கொடுத்து எழுப்பி நிறுத்துவார்களா? ஆஸ்பத்திரியில் அவர் நாலு எட்டு நடந்ததை உங்கள் கண்ணாலேயே பார்த்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஏன் படுக்க வைக்கிறீர்கள்?

சில பேருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. பழைய செயற்கை மூட்டை எடுத்துவிட்டு மறுபடி வைத்தவர்கள், எலும்பில் விரிசல் இருந்தவர்கள் போன்றவர்களுக்கு ‘இத்தனை நாள் பாரம் போடாதீர்கள்’ என்று அறுவை மருத்துவரே சொல்வார், டிஸ்சார்ஜ் சீட்டிலும் எழுதியிருக்கும். அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் கால் ஊனித்தான் ஆக வேண்டும்.

தையல் பிரிந்துவிடும் என்கிற பயமும் இதே ரகம். உள்ளே அடுக்கடுக்காகத் தைத்திருக்கிறார்கள். வெளியே தெரியும் தையலோ ஸ்டேப்ளர் பின்னோ 10 முதல் 14 நாளில் எடுத்துவிடுவார்கள். சொல்லிக்கொடுத்தபடி மடக்கினால் எதுவும் பிரியாது. ஆனால் மடக்காமல் விட்டால், ஆறுகிற சதையும் சவ்வும் நீங்கள் வைத்த நிலையிலேயே இறுகிப்போகும். முட்டி சற்று மடங்கி இருந்தால் வலி குறைவு. அதனால்தான் தலையணை சுகமாக இருக்கிறது. அந்தச் சுகத்துக்குக் கொடுக்கும் விலை, ஆயுசுக்கும் நேராக நிற்காத ஒரு கால்.

55 டிகிரி என்றால் என்ன என்று அந்த மகனிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். சமதரையில் இயல்பாக நடக்கவே ஏறத்தாழ 65, 70 வேண்டும். படி ஏறி இறங்க 90-ஐ ஒட்டி. நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழுந்திருக்க அதற்கும் மேலே. நீட்ட முடியாத அந்த 20 டிகிரி இன்னும் மோசம். முட்டி நேராகாவிட்டால் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் தொடைத் தசை பாரத்தைச் சுமக்கிறது. கொஞ்ச தூரத்தில் தொடை சோர்ந்துவிடும், நடை நொண்டும், அப்புறம் இடுப்பு வலி என்று தனியாக ஒரு மருத்துவரைத் தேடி அலைவீர்கள். மடக்குவதைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு நீட்டுவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. எனக்கு முதல் கவலையே அதுதான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கட்டிலில் காலை நீட்டிப் படுக்கவையுங்கள். முட்டிக்குப் பின்னால் உங்கள் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் கால் நேராகவில்லை என்று அர்த்தம். இனி தலையணை முட்டிக்குக் கீழே வரவே கூடாது. ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி அந்தரத்தில் இருக்கட்டும். அப்படியே தொடையை இறுக்கி முட்டியைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லுங்கள். ஐந்து எண்ணும் வரை பிடித்து, விட வேண்டும். வீக்கத்துக்குக் காலை உயர்த்தி வைப்பதானாலும், கெண்டைக்காலும் குதிகாலும் சேர்ந்து தாங்கும்படி தலையணையை நீளவாக்கில் போடுங்கள்.

மடக்குவதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். வழுவழுப்பான டைல்ஸ் தரை, உயரமான நாற்காலி, பாதத்துக்கு அடியில் ஒரு துணி. நாற்காலியில் நன்றாகப் பின்னால் உட்கார்ந்து பாதத்தை மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுக்க முடிகிற எல்லை வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, இன்னும் ஒரு விரல் அகலம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, தடவைக்கு 15, 20 நிமிஷம். காலையில் பிசியோ வந்து அரை மணி நேரம் செய்துவிட்டுப் போனால் அன்றைய வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மிச்சம் இருக்கும் இருபத்து மூன்றரை மணி நேரம் உங்களுடையது. ஆபரேஷன் ஆன முதல் மாதத்தில் தொடைத் தசை தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது. அதை உலோகம் திருப்பித் தராது, உடற்பயிற்சிதான் தரும்.

இரண்டு மூன்று வாரத்தில் 90, ஆறு வாரத்தில் 110-ஐ ஒட்டி வந்தால் நாங்கள் நிம்மதியாக இருப்போம். ஆபரேஷனுக்கு முன்னாலேயே முட்டி விறைத்துப்போனவர்களுக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு வந்தது என்று ஒப்பிட வேண்டாம்.

வலிக்கும். வலிக்காது என்று சொன்னால் பொய். ‘கிட்னி போய்விடும்’ என்று பயந்து ஐந்தாம் நாளே வலி மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் வலியால் பயிற்சி செய்ய முடிவதில்லை. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கேற்ற மருந்தைத் தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துப் பயிற்சியை ஆரம்பியுங்கள். முடிந்ததும் ஐஸை ஒரு துண்டில் சுற்றி 15, 20 நிமிஷம் ஒத்தடம். வெந்நீர் ஒத்தடம் இப்போது வேண்டாம்.

எங்கள் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. நோயாளி கதறக் கதற முட்டியை ஒரே அமுக்காக அமுக்கி மடக்குவது சிகிச்சை ஆகாது. மறுநாள் முட்டி பானைபோல வீங்கும், பயந்துபோன நோயாளி அடுத்த வாரம் கதவைத் திறக்க மாட்டார். காலைத் தானாக மடக்கி நீட்டும் மெஷினை வாடகைக்கு எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். அதனால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. மெஷின் மடக்கும்போது தொடைத் தசை தூங்கிக்கொண்டிருக்கும்.

ஆபரேஷனுக்கு முன்னால் வருகிறவர்கள் விவரமாகத்தான் கேட்கிறார்கள். எந்தக் கம்பெனி மூட்டு, 2017-இல் அரசு உச்சவிலை வைத்த பிறகு விலை எவ்வளவு, எத்தனை வருஷம் வரும். 2019-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி 100-இல் சுமார் 82 மூட்டுகள் 25 வருஷம் தாங்குகின்றன. நல்ல செய்திதான். ஆனால் ‘வீட்டுக்கு வந்த பிறகு யார் கூட இருந்து பயிற்சி செய்யவைப்பது’ என்று இதுவரை என்னிடம் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாவிட்டால் கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள். தரையில் உட்காருவது, குந்துவது, பாய் விரித்துப் படுப்பது இப்போதைக்கு இல்லை. கால்மிதிகளைச் சுருட்டி ஓரம் வையுங்கள், குளியலறை ஈரமாக இருக்கக் கூடாது, ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு. கைத்தடி ஆபரேஷன் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

சாப்பாட்டில் பத்தியம் வைப்பதையும் விடுங்கள். முட்டை, மீன், கறி சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று ரசம் சாதத்தையே மூன்று வேளையும் போடுகிறார்கள். புண் ஆறவும் தசை வளரவும் புரதம் வேண்டும். சைவம் என்றால் பருப்பு, சுண்டல், பயறு, தயிர். சர்க்கரை நோய் இருந்தால் அளவு கட்டுக்குள் இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள், பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் ஸ்வீட்டை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்.

எண்ணெய், தைலம், மஞ்சள் பத்து, பச்சிலைக் கட்டு, எதுவும் அந்தத் தையலின் மேல் படக் கூடாது. செயற்கை மூட்டுக்குள் கிருமி போனால் பல நேரம் மறுபடி திறக்க வேண்டி வரும். கெண்டைக்கால் வலிக்கிறது என்றால் உருவிவிடவே கூடாது. அங்கே ரத்தம் கட்டியாக உறைந்திருந்தால், நீங்கள் உருவுவதில் அது நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மருந்தை ஒரு வேளைகூட விடாதீர்கள். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

சாயங்காலம் முட்டி வீங்குவது, தொட்டால் சூடாக இருப்பது, தையலுக்கு வெளிப்பக்கம் மரத்துப்போனது போலிருப்பது, நடக்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் கேட்பது, இவையெல்லாம் சில மாதங்கள் இருக்கும், பயப்பட வேண்டாம். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், காய்ச்சலோடு தையல் சிவந்தால், நீர் கசிந்தால், அன்றே மருத்துவரிடம் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பிசியோவுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த அம்மாவை மறுநாளே அறுவை மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். இன்னும் இரண்டு வாரம் பயிற்சி செய்து பார்ப்போம், 90 வராவிட்டால் மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட வேண்டியிருக்கும், மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நல்லது என்றிருக்கிறார். தலையணையை மகன் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். இப்போது அவரே நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எண்ணுகிறார். "வலிக்குதுடா சாமி" என்று அம்மா சொன்னால், "இன்னும் மூணும்மா, மூணே மூணு" என்கிறார். நேற்று அளந்தபோது நீட்டுவதில் 12 பாக்கி, மடக்குவதில் 68. நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடி போகிறேன்.