ரூட்டர் வாங்கும் முன்: வேலூர் வீடுகளுக்கும் லாட்ஜ்களுக்கும் சில வார்த்தைகள்

"எத்தனை ஆன்டெனா இருக்கு?" ரூட்டர் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். வேலூரிலும் காட்பாடியிலும் வீடுகள், கடைகள், லாட்ஜ்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஆன்டெனாவை எண்ணி நல்ல ரூட்டரைக் கண்டுபிடிக்க முடியாது. இந்தப் பெட்டியில் யார் யாரெல்லாம் சேரப் போகிறார்கள், அவர்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்க இதற்குத் தெரியுமா, இன்னும் எத்தனை வருஷத்துக்கு இதற்கு அப்டேட் வரும்? கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.

அட்டைப்பெட்டியில் ஏசி1200 என்று பெரிதாகப் போட்டிருக்கும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300 எம்பிபிஎஸ் வேகம், 5 ஜிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டிக் கொஞ்சம் மேலே ஏற்றினால் 1200. இந்த வகை ரூட்டரில் ஒரு போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு அலைவரிசையில்தான் இருக்கும். அதனால் அந்தக் கூட்டுத்தொகை யார் கைக்கும் வராது. ஆன்டெனா விஷயமும் அப்படித்தான். எவ்வளவு சக்தியில் சிக்னல் அனுப்பலாம் என்பதற்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது. அதை விடுங்கள், ரூட்டரின் சிக்னல் மொட்டைமாடி வரை போனாலும், போன் திருப்பி அனுப்பும் சின்ன சிக்னல் கீழே வந்து சேர வேண்டுமே.

முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைப் பாருங்கள். விலை குறைந்த பல ரூட்டர்களில் இன்றும் கேபிள் செருகும் போர்ட் 100 எம்பிபிஎஸ் வேகத்தில்தான் இருக்கிறது. 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன். சோதிப்பது சுலபம். லேப்டாப்பைக் கேபிளில் ரூட்டரோடு இணைத்து வேகத்தைப் பாருங்கள். 93, 95 என்ற இடத்திலேயே நின்றுவிட்டால் போர்ட்டைச் சந்தேகிக்கலாம். ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் இருந்தும் அப்படியே நின்றால் கேபிளைப் பாருங்கள். ஜிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியும் வேண்டும். ஒன்று அறுந்திருந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடலாம்.

நாலு பேர் இருக்கும் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு, ஜிகாபிட் போர்ட் உள்ள சாதாரண வைஃபை 6 ரூட்டர் ஒன்றே தாராளம். வைஃபை 7க்குக் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை. சுவர் தடிமனான பழைய வீடு, அல்லது காட்பாடி பக்கம் மாடியைப் படிக்கிற பசங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீடு என்றால் கதை வேறு. அங்கே ரூட்டருக்கு முன் கேபிளுக்குச் செலவு செய்யுங்கள். கான்கிரீட் தளத்தைத் துளைத்துக்கொண்டு மெஷ் பெட்டிகள் (வைஃபையைப் பரப்ப ஆங்காங்கே வைப்பவை) ஒன்றோடொன்று காற்றிலேயே பேசும்போது வேகத்தில் பாதிக்கு மேல் போய்விடுவதைப் பார்க்கிறேன். மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து, அங்கே ஓர் அக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) வைத்தால் குறைந்த செலவில் நிம்மதி.

இப்போது எனக்கு அதிகம் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியிருக்கும் லாட்ஜ்களில் வங்காளம், அசாம், ஒடிசா, பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் நோயாளியோடு வாரக்கணக்கில் தங்குகிறார்கள். சாயங்காலமானால் ஊருக்கு வீடியோ கால். அவர்களுக்கு வைஃபை ஆடம்பரம் கிடையாது, வீட்டோடு இருக்கும் ஒரே தொடர்பு. அதே லாட்ஜின் வரவேற்பறைக் கணினியில் என்ன இருக்கிறது? ஆதார் நகல்கள், பாஸ்போர்ட் ஸ்கேன்கள். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்காக அத்தனையும் அந்தக் கணினியில் சேர்கிறது. பல இடங்களில் அந்தக் கணினி, சிசிடிவி பெட்டி, அறைகளில் இருக்கும் முகம் தெரியாத அத்தனை போன்கள், எல்லாமே ஒரே நெட்வொர்க்கில், ஒரே பாஸ்வேர்டில் இருக்கின்றன. அந்த பாஸ்வேர்ட் சுவரிலும் ஒட்டியிருக்கிறது.

இதைப் பிரிக்கத்தான் விலை கூடிய ரூட்டர். விலான் (ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்குகளை ஓட்டும்) வசதி உள்ள ரூட்டரும், அதற்கு ஏற்ற நெட்வொர்க் சுவிட்சும் அக்சஸ் பாயின்ட்டும் இருந்தால் அலுவலகம் தனி, கேமரா தனி, விருந்தினர் தனி. ஒரு விருந்தினரின் போன் இன்னொருவரின் போனைக்கூடப் பார்க்க முடியாதபடி அடைக்கலாம். ஒருவருக்கு இவ்வளவு வேகம் என்று வரம்பு வைக்கலாம். ஒருவர் சினிமா இறக்கிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறை அம்மாவின் வீடியோ கால் உறையாது. ஓமாடா, யூனிஃபை, மைக்ரோடிக் போன்ற ரூட்டர் வரிசைகளில் இதெல்லாம் செய்யலாம். வீட்டு ரூட்டரில் இருக்கும் 'கெஸ்ட் நெட்வொர்க்' சின்ன கடைக்கு, கிளினிக்குக்குப் போதும். லாட்ஜுக்குப் போதாது.

லாட்ஜ்காரர்கள் அடிக்கடி சொல்லும் இன்னொரு புகார், "வைஃபை கனெக்ட் ஆகுது, நெட் வரமாட்டேங்குது." உடனே நெட் கம்பெனிக்கு போன் போடாதீர்கள். வந்து சேரும் ஒவ்வொரு போனுக்கும் ரூட்டர் ஓர் எண் கொடுக்கிறது. சில ரூட்டர்களில் நூறு எண்தான் ஒதுக்கியிருக்கும். அறையைக் காலி செய்து போனவரின் எண்ணையும் வழக்கமாக ஒரு நாள் வரை பிடித்து வைத்திருக்கும். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் எண்கள் தீர்ந்துபோகும். விருந்தினர் பகுதிக்கு அந்தக் கால அளவை இரண்டு மணி நேரமாகக் குறைத்து, எண்களையும் கூட்டினால் பெரும்பாலும் தீர்ந்தது. இதற்காக ரூட்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது நம் ஊர் வெயில். பெரும்பாலான வீட்டு ரூட்டர்களின் விவரத்தாளில் 0 முதல் 40 டிகிரி வரை என்றுதான் இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலே 40ஐத் தாண்டுகிறது. பரணில், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் யூனிட்களின் தகரக் கூரைக்குக் கீழே அந்தப் பெட்டி என்ன பாடுபடும்? மத்தியானத்தில் மட்டும் நெட் விட்டு விட்டு வந்தால் முதலில் ரூட்டரைத் தொட்டுப் பாருங்கள். ஷெட்டுக்கு வாங்கும்போது 50, 60 டிகிரி வரை தாங்கும் மாடலாகக் கேளுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்குச் சின்ன டிசி யுபிஎஸ் (பேட்டரிப் பெட்டி) போதும். ஆனால் ரூட்டருக்கு மட்டும் வைத்துவிட்டு, நெட் கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியை மறந்துவிடாதீர்கள். ஃபைபர் லைனைத் தெருவில் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. அதனால் உங்கள் பக்கம் இரண்டு பெட்டிக்கும் கரண்ட் இருந்தால், தெரு இருட்டாக இருந்தாலும் நெட் பெரும்பாலும் வரும். அடாப்டரின் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து யுபிஎஸ் வாங்குங்கள். 9 வோல்ட் பெட்டியில் 12 வோல்ட் செருகினால் பெட்டி போய்விடலாம்.

பில்லிங் நின்றால் வியாபாரம் நிற்கும் இடங்களுக்கு இரண்டு லைன் ஏற்கும் ரூட்டர் நல்லது. ஆனால் இரண்டு கேபிளும் ஒரே பாதையில் புதைந்திருந்தால், பாதாளச் சாக்கடைக்கு ஒரு பள்ளம் தோண்டும்போதே இரண்டும் போகும். ஒன்று ஃபைபர், இன்னொன்று சிம் என்று வையுங்கள். 100ம் 100ம் சேர்த்தால் ஒரே டவுன்லோடுக்கு 200 கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். வங்கி, ஜிஎஸ்டி தளங்களை ஒரே லைனில் போகும்படி அமைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பாதியில் லாக் அவுட் ஆகிக்கொண்டே இருக்கும்.

நெட் கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரூட்டர்தான் என்பதும் நினைவில் இருக்கட்டும். அதன் பின்னால் உங்களுடையதை அப்படியே செருகினால் ரூட்டருக்குள் ரூட்டர். வெளியிலிருந்து கேமரா பார்ப்பது, விபிஎன் (வெளியிலிருந்து நம் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) எல்லாம் மக்கர் பண்ணும். கம்பெனிப் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரூட்டர் வேலையை விட்டு லைனை மட்டும் கடத்தும் முறை) மாற்றித் தரச் சொல்லுங்கள். அதே பெட்டியில் லேண்ட்லைன் போன் ஓடுகிறது என்றால் அது கெடாமல் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

2016ல் மிராய் என்ற தீநிரல் (மால்வேர்) உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. அதன் கையில் இருந்தது, கம்பெனிகள் போட்டு அனுப்பும் அறுபது சொச்சம் யூசர்நேம், பாஸ்வேர்ட் ஜோடிகள் மட்டுமே. 2018ல் விபிஎன்ஃபில்டர் என்ற இன்னொரு தீநிரல் ஐந்து லட்சம் சாதனங்களுக்கு மேல் புகுந்தது. எனவே புது ரூட்டர் வந்த அன்றே அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். டபிள்யூபிஎஸ்ஸையும் (பட்டனாலோ பின் எண்ணாலோ வைஃபையில் சேரும் வசதி) வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணையுங்கள். டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை இருந்தால் அதைப் போடுங்கள். அப்டேட் நின்றுபோன மாடலைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வேலை முடித்துக் கிளம்புகிற டெக்னீஷியனிடம், என்னைப் போன்றவர்களிடமும்தான், அட்மின் பாஸ்வேர்டையும், நெட் கம்பெனி கொடுத்த யூசர்நேமையும் ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். செட்டிங்ஸின் பேக்கப் ஃபைலையும் ஒரு பென்டிரைவில் கேளுங்கள். தர யோசித்தால், பாக்கிப் பணத்தைத் தந்துவிடாதீர்கள். பெட்டி உங்களுடையது.