ரவுட்டரின் இரண்டு பக்கங்கள்

வீட்டில் யாராவது "நெட் ஸ்லோவா இருக்கு" என்று சொன்னால், அதற்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் பிராட்பேண்ட் இணைப்பு ஒன்று. ரவுட்டரிலிருந்து கைபேசிக்குக் காற்றில் போகும் வைஃபை இன்னொன்று. முதலாவது கண்ணாடி இழையிலோ செம்புக் கம்பியிலோ வருகிறது. அதற்குத்தான் பணம் கட்டுகிறோம். இரண்டாவது முழுக்க நம் பொறுப்பு. நடுவில் உட்கார்ந்திருக்கும் பெட்டிதான் ரவுட்டர். அதை அமைப்பது என்றால் இந்த இரண்டு பக்கங்களையும் தனித்தனியாகச் சரிசெய்வது.

எந்தப் பக்கத்தில் கோளாறு என்று தெரிந்துகொள்வது சுலபம். ஒரு கணினியைக் கேபிள் மூலம் ரவுட்டரில் நேராக இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். அப்புறம் கேபிளைக் கழற்றிவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து வைஃபையில் அதே சோதனையைச் செய்யுங்கள். கேபிளில் விநாடிக்கு 200 மெகாபிட்டும் வைஃபையில் 20 மெகாபிட்டும் வந்தால், இணைப்புக்காரரிடம் புகார் செய்து பயனில்லை. கேபிளிலேயே 20தான் என்றால், ரவுட்டரை வீட்டில் எங்கே தூக்கி வைத்தாலும் மாற்றம் வராது. வேகமான இணைப்பு இருந்தும் கேபிளில் 95 மெகாபிட் அளவிலேயே நின்றுவிடுகிறதா? அப்போது கேபிளையே சந்தேகப்படுங்கள். அதற்குள் 8 கம்பிகள் இருக்கின்றன. கிகாபிட் (1000 மெகாபிட்) வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். மீதி நான்கில் ஒரு கம்பி அறுந்தாலும் பெரும்பாலும் இரு முனைகளும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும்.

முதலில் வெளிப்பக்கம். ஃபைபர் இணைப்பில், இழை வழியே வரும் ஒளியை மின்குறியாக மாற்ற ஒரு சிறிய பெட்டி இருக்கும். அதிலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் பின்னால் தனி நிறத்தில் இருக்கும், 'வேன்' அல்லது 'இன்டர்நெட்' என்று எழுதிய போர்ட்டில் செருக வேண்டும். மற்றவை வீட்டுக் கருவிகளுக்கான லேன் போர்ட்டுகள். இரண்டு பெட்டிகளும் ஒன்றாகவே இருந்தால் இந்த வேலையும் மிச்சம். அடுத்து, ஏற்கெனவே இணைந்திருக்கும் கணினியின் பிரவுசரில் 192.168.1.1 அல்லது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியைத் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். சில நிறுவனங்கள் உங்கள் இணைப்புக்கான ஐபி முகவரியை (இணையத்தில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) தானாகவே கொடுத்துவிடும். சில நிறுவனங்கள் 'பிபிபிஓஇ' முறையில் ஒரு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கூடவே, ஒரே கம்பியில் வரும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் 'விலேன்' எண் ஒன்றும் கேட்கலாம். இவற்றை நிறுவனத்திடமிருந்து வாங்கி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பின்பக்கத்துச் சிறு துளையில் குச்சியை அழுத்தி ரீசெட் செய்தால் இவை எல்லாம் அழிந்துவிடும்.

இனி ரவுட்டரின் அசல் வேலையைப் பார்ப்போம். இணையத்தில் இன்றும் பெரிதும் புழங்கும் நான்காம் பதிப்பு ஐபி முகவரி 32 பிட் நீளமுள்ளது. அப்படியானால் உலகம் முழுவதற்கும் சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகளாவிய கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியிலேயே பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. அதனால் வீட்டுக்கு ஒரு முகவரி கிடைத்தாலே பெரிது. உள்ளே உள்ள டிவி, கைபேசி, மடிக்கணினி எல்லாவற்றுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரியை ரவுட்டரே வழங்குகிறது. 1996இல் வந்த ஒரு விதி, இப்படிச் சில எண் வரிசைகளை யார் வேண்டுமானாலும் வீட்டுக்குள் பயன்படுத்தலாம், வெளியே மட்டும் விடக்கூடாது என்று ஒதுக்கி வைத்தது.

கைபேசியில் வைஃபையை ஆன் செய்ததும் நடப்பது இது. இன்னும் முகவரி இல்லாத கைபேசி, 0.0.0.0 என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, "யாராவது எனக்கு முகவரி கொடுங்கள்" என்று எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பும். ரவுட்டர் 192.168.1.5ஐக் கொடுக்க முன்வரும். கைபேசி "சரி, அதையே தாருங்கள்" என்று கேட்கும். ரவுட்டர் உறுதி செய்யும். நான்கே செய்திகளில் முடிந்துவிடும். கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், இந்தப் பேச்சுக்கு யாருமே பதில் சொல்லவில்லை, கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். வைஃபை இணைந்தது போலவே காட்டும், ஆனால் எதுவும் திறக்காது.

அந்தக் கைபேசி ஒரு வீடியோவைக் கேட்டால் ரவுட்டர் அந்தக் கோரிக்கையில் '192.168.1.5, போர்ட் எண் 51000' என்பதை அழித்துவிட்டு, வீட்டின் ஒற்றை வெளி முகவரியையும் வேறு ஒரு போர்ட் எண்ணையும், உதாரணமாக 40001ஐ, எழுதி அனுப்புகிறது. இங்கே போர்ட் என்பது கேபிள் செருகும் இடம் அல்ல, எந்த உரையாடல் என்று காட்டும் எண். இந்த மாற்றத்தை ரவுட்டர் தன் நினைவகத்தில் ஒரு வரியாகக் குறித்துக்கொள்கிறது. பதில் 40001க்கு வந்ததும் அந்த வரியைப் பார்த்து மறுபடி 192.168.1.5க்கு மாற்றி உள்ளே விடுகிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் (தகவல் பயணிக்கும் சிறு பொட்டலம்) இதே வேலை, விநாடிக்கு ஆயிரக்கணக்கில். பட்டியலில் இல்லாத பாக்கெட் வெளியிலிருந்து வந்தால், யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கீழே போட்டுவிடும். வீட்டுக் கருவிகளுக்கு இது ஒரு நல்ல பாதுகாப்பு. பழைய ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டரை மாட்டினால் இந்த மாற்றம் இரண்டு தடவை நடக்கும். ஆன்லைன் விளையாட்டும் வீடியோ அழைப்பும் அதனால் தடுமாறலாம். இரண்டாவதை, முகவரியை மாற்றாமல் வைஃபை மட்டும் கொடுக்கும் 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றிவிட்டால் போதும்.

இப்போது காற்றுப் பக்கம். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி, பெரும்பாலான கோளாறுகள் பிறப்பதும் இங்கேதான்.

வைஃபை என்பது ரேடியோ. 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் (அலைவரிசைப் பட்டையில்) அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸில் சுமார் 6. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. அதனால் அது ஓடும்போது பக்கத்தில் 2.4 பேண்டில் வேகம் சரிவதைப் பார்க்கலாம். இத்தகைய பேண்டுகளை உரிமம் இல்லாமல் தகவல்தொடர்புக்குப் பயன்படுத்த அமெரிக்கா 1985இல் அனுமதித்தது. முதல் வைஃபை தரம் 1997இல் வந்தது. வேகம் அதிகபட்சம் 2 மெகாபிட். உரிமம் வேண்டாம் என்பது பெரிய வரம். ஆனால் இங்கே யாருக்கும் தனி இடம் கிடையாது. பக்கத்து வீட்டு ரவுட்டருக்கும் உங்களுடையதற்கும் சம உரிமை.

அப்படியானால் எப்படிச் சண்டையில்லாமல் பேசுகின்றன? ஓர் அறையில் பலர் மரியாதையோடு பேசுவதைப் போலத்தான். பேச வேண்டிய கருவி முதலில் காது கொடுத்துக் கேட்கும். யாரோ பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். அமைதியானதும் உடனே பாயாது. 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண்ணை மனம்போனபடி தேர்ந்தெடுத்து, அத்தனை சிறு கணங்கள் பொறுக்கும். ஒரு கணம் என்பது பெரும்பாலும் 9 மைக்ரோ விநாடி. அதன்பின் பேசும். 'வந்து சேர்ந்தது' என்ற பதில் வரவில்லை என்றால் மோதல் நடந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, இந்த முறை 0 முதல் 31 வரை ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு சேனலில் (பேண்டுக்குள் ஒரு சிறு துண்டு) ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம் என்பதால், மெதுவாகப் பேசுபவர் எல்லோருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்கிறார். 1500 பைட் பாக்கெட் ஒன்று 600 மெகாபிட் வேகத்தில் போனால் 20 மைக்ரோ விநாடி போதும். கடைசி அறையில் திணறிக்கொண்டு 6 மெகாபிட்டில் பேசும் கைபேசிக்கு அதே பாக்கெட் 2000 மைக்ரோ விநாடி பிடிக்கும். நூறு மடங்கு! தூரத்தில் ஒருவர் வீடியோ பார்க்க, ரவுட்டருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் வேகம் குறைவது இதனால்தான். அசையாத டிவியையும் கணினியையும் கேபிளில் போட்டுவிட்டால் காற்றில் அத்தனை நேரம் மிச்சமாகும். இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

சேனல் தேர்வில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். 2.4 பேண்டில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் எண்ணிடப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு ரவுட்டர் பிடிக்கும் அகலம் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ். ஆகவே ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 என்ற மூன்றே. சுற்றிலும் எல்லோரும் 1இலும் 6இலும் இருக்கிறார்கள், 3 காலியாக இருக்கிறதே என்று அங்கே போகக்கூடாது. 1இலேயே இருந்தால் அங்குள்ளவர்களின் பேச்சு புரியும், முறை வைத்துப் பேசலாம். 3இல் இருந்தால் இரு பக்கத்துப் பேச்சும் வெறும் இரைச்சலாக வந்து விழும், நம் பேச்சும் அவர்களுக்கு அப்படியே. 2.4இல் அகலத்தை 40 ஆக்குவதும் வேண்டாம்.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். சுவர்களைத் தாண்டுவதில்தான் அது பலவீனம். அதிலும் சில சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன என்பதால், ரவுட்டர் ஒரு நிமிடமாவது அமைதியாகக் கேட்டுவிட்டுத்தான் அங்கே பேச ஆரம்பிக்கும். ஆன் செய்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரியவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

எங்கே வைப்பது? ரவுட்டர் அனுப்பும் சக்தி 100 மில்லிவாட் அளவுதான். கைபேசியில் நல்ல சிக்னல் என்று நாம் நினைக்கும் −65 டிபிஎம் (சிக்னல் சக்தியை அளக்கும் அலகு), அதில் ஏறக்குறைய 30 கோடியில் ஒரு பங்கு. வழியில் எதுவும் இல்லாவிட்டாலும் தூரம் இரட்டித்தால் சக்தி கால் பங்காகும். கம்பி கட்டிய கான்கிரீட், இரும்பு அலமாரி, கண்ணாடியின் உலோகப் பூச்சு, மீன் தொட்டித் தண்ணீர் எல்லாம் மேலும் விழுங்கும். எனவே டிவிக்குப் பின்னாலும் அலமாரிக்குள்ளும் ரவுட்டரை ஒளித்து வைக்காதீர்கள். வீட்டின் நடுவே, உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். ஆன்டெனா குச்சியை அறையை நோக்கி நீட்டுவதும் தவறு. குச்சியின் பக்கவாட்டில்தான் சிக்னல் அதிகம், நுனியின் திசையில் குறைவு. நிமிர்த்தி வைத்தால் அதே தளம் முழுக்கப் பரவும். மாடிக்கு வேண்டுமானால் ஒன்றைப் படுக்கையாகத் திருப்புங்கள். இன்னொன்று: கைபேசியின் குரல் ரவுட்டருடையதைவிடச் சன்னம். கைபேசியில் சிக்னல் கோடுகள் நன்றாகத் தெரிந்தும் எதுவும் ஓடவில்லை என்றால், கைபேசிக்கு ரவுட்டர் கேட்கிறது, ரவுட்டருக்குக் கைபேசி கேட்கவில்லை.

கடைசியாகப் பூட்டு, அதாவது வைஃபையின் பாதுகாப்பு முறை. 1997இல் வந்த டபிள்யூஇபி பூட்டு 2001இலேயே உடைக்கப்பட்டது. ரவுட்டரில் அது மட்டும்தான் இருக்கிறது என்றால் ரவுட்டரையே மாற்றுங்கள். இப்போது பரவலாக இருப்பது டபிள்யூபிஏ2. இது நீங்கள் வைக்கும் கடவுச்சொல்லையும் வைஃபை பெயரையும் சேர்த்து 4096 சுற்றுகள் அரைத்து 256 பிட் சாவியாக்குகிறது. பெயரும் இதில் கலப்பதால், பலரும் வைத்திருக்கும் பெயரையே வைத்திருந்தால் முன்கூட்டியே கணித்த பட்டியலைக் கொண்டு ஒருவர் ஊகிக்க முடியும். கருவி இணையும் கணத்தைப் பதிவு செய்துகொண்டு, வீட்டில் உட்கார்ந்து கோடிக்கணக்கில் முயன்று பார்க்கவும் முடியும். அதனால் பெயரை மாற்றுங்கள். கடவுச்சொல்லை நீளமாக, தொடர்பில்லாத நாலைந்து சொற்களாக வையுங்கள். 2018இல் வந்த டபிள்யூபிஏ3, பதிவு செய்துகொண்டு போய் ஊகிக்கும் இந்த வழியையே அடைக்கிறது. உங்கள் கருவிகள் ஏற்றால் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

வைஃபை கடவுச்சொல்லுக்குப் பதில் 8 இலக்க ரகசிய எண்ணைக் கொண்டு இணைய உதவும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். 8 இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. அதோடு ரவுட்டர் முதல் நான்கு சரியா என்பதைத் தனியாகச் சொல்லிவிடுகிறது. அதனால் 10,000 + 1,000, மொத்தம் 11,000 முயற்சிகளிலேயே திறந்துவிடும் என்று 2011இல் வெளியானது. அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். வாங்கும்போது வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துத்தான் 2016இல் மிராய் என்ற நச்சுநிரல் படை திரட்டியது. விருந்தினருக்கும், ஸ்மார்ட் பல்பு போன்ற சிறு கருவிகளுக்கும் 'கெஸ்ட்' நெட்வொர்க்கைத் தனியாகத் திறந்து கொடுங்கள். அந்தச் சிறு கருவிகளில் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும் என்பதால், அந்த நெட்வொர்க்கில் 2.4 பேண்ட் ஆன் ஆகியிருக்க வேண்டும்.