ஒன்றரைப் பேர் கணக்கு

இலங்கையின் பழைய பௌத்த வரலாற்று நூலான மகாவம்சத்தின் 25-ஆம் அத்தியாயத்தில் ஒரு கணக்கு வருகிறது. தமிழ் மன்னன் எல்லாளனை வீழ்த்தி அனுராதபுரத்தைப் பிடித்த சிங்கள மன்னன் துட்டகைமுனுவுக்கு மாளிகையில் நிம்மதி இல்லை. இத்தனை உயிரைக் கொன்றுவிட்டோமே என்று மருகுகிறான். எட்டு அரகந்தர்கள், அதாவது ஞானமடைந்த பிக்குகள், வான்வழி வந்து அவனைத் தேற்றுகிறார்கள். மன்னா, நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான் என்கிறார்கள். ஒருவன் மும்மணிகளைச் சரணடைந்தவன், இன்னொருவன் ஐந்து சீலங்களை ஏற்றவன். இருவரும் சேர்ந்து ஒன்றரை. செத்த மற்றவர்கள் நம்பிக்கையற்றவர்கள், விலங்குகளுக்கு மேலாக எண்ணத் தேவையில்லை.

படிக்கும் தமிழருக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. கொஞ்சம் ஆறியதும் பெரியபுராணம் நினைவுக்கு வந்தது. மதுரையில் வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரம் பேர் கழுவேறிய கதையை நாம் எந்தக் குரலில் சொல்லி வளர்ந்தோம்? அது நடந்ததற்கு அக்காலக் கல்வெட்டுச் சான்று இல்லை என்பது வேறு விஷயம். துட்டகைமுனுவாவது ஓர் இரவு தூங்காமல் கிடந்தான். நம் கதையில் அந்த எண்ணாயிரம் பேருக்காக யாரும் தூக்கம் கெட்டதாக நான் கேட்டதில்லை.

இந்தப் பழங்கணக்கு ஏட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 2017 அக்டோபர் 30 அன்று மியன்மாரின் செல்வாக்கு மிக்க பிக்கு சிதகு சயாதோ, கயின் மாநிலத்தில் ராணுவ அதிகாரிகள் முன் ஆற்றிய உரையில் இதே ஒன்றரைக் கதையைச் சொன்னார். அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஆகஸ்ட் 25-இல் தொடங்கிய தாக்குதலில் ராக்கைன் மாநிலத்துக் கிராமங்கள் எரிந்தன; 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் எல்லை தாண்டி வங்கதேசத்துக்கு ஓடினார்கள்.

பினாங்கில் என் வீட்டுக்குப் பக்கத்துப் பாசாரில் கோழி வெட்டித் தருபவர் அந்த ஊர்க்காரர். மலாயில்தான் பேசிக்கொள்வோம், நான் அவரை அபாங் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். தமிழ் வாடிக்கையாளர்களிடம் கற்றுக்கொண்ட ஒரே சொல். ஒருநாள் ஐநா அகதிகள் ஆணையத்தின் அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "அங்கே கார்டைப் பிடுங்கினார்கள். இங்கே ஒரு கார்டு கொடுத்தார்கள். இது இல்லாமல் கக்கூசுக்குக்கூடப் போகமாட்டேன்." அவர் பேச்சில் மதம் வரவேயில்லை. அட்டைதான் வந்தது. இன அழிப்பு எப்படி நடக்கிறது என்பதை ஆராய்கிறவர்கள் முதலில் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

முதலில் சொல்லைப் பிரித்துக்கொள்வோம். போலந்து யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின் 1944-இல் இந்தக் குற்றத்துக்கு ஜெனோசைட் என்று பெயர் வைத்தார். அவருடைய உறவினர்கள் 49 பேர் நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள். 1948 டிசம்பர் 9-இல் ஐநா ஏற்ற உடன்படிக்கை நான்கு வகைக் குழுக்களைச் சொல்கிறது: தேசம், இனக்குழு, இனம், மதம். மலேசியா 1994-இல் அதில் சேர்ந்தது. தமிழில் இனப்படுகொலை என்று சொல்வதால் மதக்குழுவும் அந்தப் பட்டியலில் இருப்பது நம் காதில் விழுவதில்லை.

இந்தக் குற்றத்தில் முக்கியம் நோக்கம். ஒரு குழுவை, அது அந்தக் குழுவாக இருப்பதற்காகவே, முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருக்க வேண்டும். சயாம் மரண ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் தாத்தாக்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். ஜப்பானியருக்கு அவர்கள் தமிழர்கள் என்பது பொருட்டே இல்லை, தண்டவாளம் போட ஆள் வேண்டியிருந்தது. கொடுமையில் எந்தக் குறைவும் இல்லை, ஆனால் சட்டம் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. அதே ஜப்பானியர் 1942-இல் இதே பினாங்கில் முகத்தை மூடிய ஆள்காட்டிகளை நிறுத்தி, வரிசையில் வந்த சீனர்களைக் கைகாட்டச் சொல்லிப் பொறுக்கினார்கள். ஆளைப் பொறுக்குவதற்கு ஓர் அடையாளம் வேண்டும். மதம் உள்ளே வரும் முதல் வாசல் இதுதான்.

அடையாளம் எவ்வளவு அற்பமாக இருந்தாலும் வேலை செய்யும் என்று காட்டியவர் ஹென்ரி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு உயிர்பிழைத்தவர். போர் முடிந்து பார்த்தபோது குடும்பத்தில் பெரும்பாலோர் இல்லை. இங்கிலாந்தில் உளவியல் படித்து, 1970-ஐ ஒட்டி பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். பையன்களுக்குச் சில ஓவியங்களைக் காட்டி, நீ பால் க்ளேயை ரசிப்பவன், நீ காண்டின்ஸ்கியை ரசிப்பவன் என்று பிரித்தார். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். பிறகு முகம் தெரியாத மற்றப் பையன்களுக்குக் காசு பிரித்துக் கொடுக்கச் சொன்னார். தன் அணிக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள், அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் தன் அணிக்குக் கிடைப்பது குறைந்தாலும் சரி, எதிரணிக்கு அதைவிடக் குறைய வேண்டும் என்றும் பலர் தேர்ந்தார்கள். வெறும் பெயர், அதுவும் பத்து நிமிடத்துக்கு முன் ஒட்டியது.

பினாங்குக்காரர்களுக்கு இதைச் சொல்ல பிரிஸ்டல் வரை போக வேண்டியதில்லை. 1867 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுனில் பத்து நாள் கலவரம். ஒரு பக்கம் கீ ஹின் என்ற சீன ரகசியச் சங்கமும் வெள்ளைக்கொடிக்காரர்களும். எதிர்ப்பக்கம் தோ பே கொங் சங்கமும் செங்கொடிக்காரர்களும். இரண்டு கொடிகளின் கீழும் இருந்தவர்கள் முஸ்லிம்கள், மலாய்க்காரர்களும் நம் தமிழ் முஸ்லிம்களும் கலந்து. சீனரோடு சேர்ந்து சீனரையும் முஸ்லிமோடு சேர்ந்து முஸ்லிமையும் வெட்டினார்கள். பள்ளிவாசலும் கோயிலும் சர்ச்சும் அருகருகே நிற்கும் தெருவை இன்று நல்லிணக்கத் தெரு என்று சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுகிறோம். அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இது நடந்தது. மதங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் கலவரம் வரவுமில்லை, நிற்கவுமில்லை. கொடியின் நிறமே போதுமானதாக இருந்தது.

ஆனால் கலவரம் வேறு, இன அழிப்பு வேறு. நடுவில் அரசாங்கம் வர வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் பார்பரா ஹார்ஃப் 1955 முதல் 1997 வரை உள்நாட்டுப் போரோ ஆட்சிக் கவிழ்ப்போ நடந்த 126 நிகழ்வுகளை எடுத்துக்கொண்டார். அவற்றில் 35 மட்டும் பெரும் அழிப்பில் முடிந்தன. அந்த 35-ஐ மற்றவற்றிலிருந்து பிரித்தவை எவை? நாட்டில் நடந்த குழப்பத்தின் அளவு, முன்பு ஒருமுறை இப்படி நடந்திருப்பது, சர்வாதிகாரம், சிறுபான்மைக் குழு ஒன்றின் கையில் ஆட்சி இருப்பது, வெளியுலகோடு வணிகம் குறைவாக இருப்பது, சிலரை ஒதுக்கித் தள்ளும் கொள்கையை ஆளும் கூட்டமே ஏந்தியிருப்பது. ஒரு நாட்டில் பல மதங்கள் இருக்கின்றன என்பது இந்த ஆறில் இல்லை. மதம் எட்டிப்பார்ப்பது கடைசிக் காரணத்தில் மட்டும்தான். அங்கேயும் அது தனியாக நிற்பதில்லை, இனவெறியோ அரசியல் சித்தாந்தமோ அதே இடத்தை நிரப்பலாம். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ் எந்தக் கடவுளையும் கும்பிடாத கூட்டம். பிக்குகளின் காவியைக் கழற்றினார்கள், சாம் முஸ்லிம்களைக் குறிவைத்து அழித்தார்கள்.

ருவாண்டாவைப் பார்த்தால் இன்னும் குழப்பும். ஹூட்டு, டுட்சி என்ற இரு பிரிவினரும் பேசுவது ஒரே மொழி, பெரும்பாலோர் கும்பிட்டது ஒரே கத்தோலிக்கச் சர்ச்சில். அங்கே வந்த வெள்ளைக்காரர்களும் பாதிரிமார்களும் பைபிளில் வரும் நோவாவின் மகன் ஹாம் கதையை எடுத்து ஒட்டினார்கள்: டுட்சிகள் வடக்கிலிருந்து, எத்தியோப்பியாப் பக்கமிருந்து வந்த உயர்ந்த வகையினர் என்று. 1930-களில் பெல்ஜியர் அடையாள அட்டையில் அதை அச்சிட்டார்கள். உயர்த்துவதற்காகச் சொன்ன கதை அறுபது ஆண்டில் தலைகீழானது. 1992-இல் லெயோன் முகெசெரா என்ற ஹூட்டு அரசியல்வாதி ஒரு கூட்டத்தில் டுட்சிகளைக் குறித்து, உங்கள் வீடு எத்தியோப்பியா, நியாபாரொங்கோ ஆற்று வழியாகச் சீக்கிரம் அனுப்பிவைப்போம் என்கிற மாதிரிப் பேசினார். 1994-இல் அந்த ஆற்றில் டுட்சிகளின் பிணங்கள் போயின. நூறு நாளில் செத்தவர்கள் 8 லட்சம் பேர் என்பது ஐநா கணக்கு. சாலைத் தடுப்பில் கேட்டது அட்டையை. நமக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டுதான் தமிழர் வீடுகளைத் தேடி வந்தன. இந்துவா கத்தோலிக்கரா என்று பட்டியல் பிரித்துப் பார்க்கவில்லை.

முன்பு நடந்த கலவரங்களில் சர்ச்சுக்குள் ஓடியவர்கள் தப்பியிருந்தார்கள். அதனால் 1994-இலும் டுட்சிகள் சர்ச்சுக்குள் ஓடினார்கள். ந்தராமா, ந்யாமாத்தா சர்ச்சுகள் இன்று எலும்புகள் வைத்த நினைவிடங்கள். ந்யாங்கே என்ற ஊரில் அத்தனாஸ் செரோம்பா என்ற பாதிரியார், 1,500 பேர் வரை அடைக்கலம் புகுந்திருந்த தன் சர்ச்சைப் புல்டோசரால் இடிக்க உடந்தையாக இருந்தார். ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் மேல்முறையீட்டில் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. ஒரே மதம் என்பது யாரையும் காப்பாற்றவில்லை.

அப்படியானால் பக்தி மனிதனைக் கொலைகாரனாக்குகிறதா என்ற கேள்வியை எப்படிச் சோதிப்பது? ஜெரெமி ஜிஞ்சஸ் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வு, எனக்குத் தெரிந்தவரை, இதில் கெட்டிக்காரத்தனமானது. பாலஸ்தீனர்களிடம் தற்கொலைத் தாக்குதல் பற்றிக் கேட்டார்கள். எத்தனை முறை தொழுகிறார் என்பதற்கும் ஆதரவுக்கும் தொடர்பில்லை. எத்தனை முறை பள்ளிவாசலுக்குப் போகிறார் என்பதற்குத் தொடர்பிருந்தது. அடுத்து மேற்குக் கரையில் குடியேறிய யூதர்களுக்குத் தொலைபேசி. 1994-இல் ஹெப்ரோன் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரைச் சுட்டுக்கொன்ற யூதன் செய்தது வீரமா என்பது கேள்வி. அதற்கு முன் சிலரிடம் ஜெப ஆலயத்துக்கு எத்தனை முறை போவீர்கள் என்று கேட்டார்கள், சிலரிடம் எத்தனை முறை பிரார்த்திப்பீர்கள் என்று. ஒன்றுமே கேட்காதவர்களில் 15 விழுக்காட்டினர் வீரம் என்றார்கள். ஆலயத்தை நினைவூட்டியவர்களில் 23. பிரார்த்தனையை நினைவூட்டியவர்களில் 6.

மனிதனும் கடவுளும் தனியாக இருக்கும்போது ஒன்று நடக்கிறது, தோளோடு தோள் சேர்ந்து நிற்கும்போது வேறொன்று நடக்கிறது. ஆலயம் கெட்டது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. சேர்ந்து பாடுவது, சேர்ந்து காவடி எடுப்பது, சேர்ந்து நோன்பிருப்பது எல்லாம் ஒருவருக்காக ஒருவர் எதையும் செய்யத் துணியும் ஒட்டுதலை உண்டாக்குகின்றன. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியவர்களுக்கு அது தெரியும். அந்த ஒட்டுதலை எந்தப் பக்கம் திருப்புவது என்பது யாரோ ஒருவர் கையில் இருக்கிறது.

அதே குழுவினர் 2016-இல் ஒன்றரைக் கணக்கையே நேரடியாகச் சோதித்தார்கள். 12 முதல் 18 வயது வரையான 555 பாலஸ்தீன முஸ்லிம் பிள்ளைகளிடம் ஒரு கற்பனைச் சூழ்நிலை: ஒரு முஸ்லிம் தன் உயிரைக் கொடுத்தால் ஐந்து குழந்தைகளைக் காப்பாற்றலாம். குழந்தைகள் முஸ்லிம்களாக இருந்தால் கொடுக்கலாமா? யூதர்களாக இருந்தால்? முதலில் உன் கருத்து என்ன என்று கேட்டார்கள், பிறகு அல்லாஹ் எதை விரும்புவான் என்று. சொந்தக் கருத்தில் முஸ்லிம் குழந்தைகளுக்கு எடை அதிகம். அல்லாஹ்வின் கண்ணால் பார்க்கச் சொன்னபோது அந்தப் பாகுபாடு கிட்டத்தட்ட 30 விழுக்காடு குறைந்தது. போருக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகள், தங்கள் கடவுள் தங்களைவிடப் பெரிய மனதுக்காரன் என்று நினைத்திருக்கிறார்கள்.

காப்பாற்றியவர்கள் யார் என்பதைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. ராபர்ட் பிரவுன், நாஜிப் பிடியிலிருந்த நெதர்லாந்தில் யூதர்கள் எங்கே அதிகமாகத் தப்பினார்கள் என்று ஊர் ஊராக வரைபடத்தில் குறித்தார். கத்தோலிக்கர் நல்லவர்களா புராட்டஸ்டன்ட்டுகள் நல்லவர்களா என்று தேடினால் விடையில்லை. புராட்டஸ்டன்ட் பெரும்பான்மை ஊரில் இருந்த கத்தோலிக்கரும், கத்தோலிக்கப் பெரும்பான்மை ஊரில் இருந்த புராட்டஸ்டன்ட்டுகளும்தான் அதிகம் ஒளித்துவைத்திருந்தார்கள். ஒரே சர்ச், ஒரே வேதம், எந்த ஊரில் சிறுபான்மையோ அங்கே கதவு திறந்தது. அடுத்து நாம்தான் என்ற அச்சம் ஒன்று. சிறுபான்மைக் கூட்டத்துக்கே உரிய இறுக்கம் இன்னொன்று, ரகசியம் வெளியே கசியாது. ஆலயத்தின் அந்தப் பழைய ஒட்டுதல்தான், மறுபக்கம் திரும்பியது.

ருவாண்டாவிலும் சிறு கூட்டமாக இருந்த முஸ்லிம்கள் பலரைக் காப்பாற்றியதற்குப் பேர் போனவர்கள். ஜூரா கருஹிம்பி என்ற வயதான வைத்தியச்சி வேறு வகை. அவரிடம் பேய் பிசாசு இருப்பதாக ஊரே நம்பியது. கும்பல் வாசலுக்கு வந்தபோது அரிக்கும் பச்சிலையைக் கையில் பூசிக்கொண்டு அவர்களைத் தொட்டார், வளையல்களை ஆட்டினார், உள்ளே வந்தால் ஆவிகள் உங்களைச் சும்மா விடாது என்றார். திரும்பிப் போனார்கள். வீட்டுக்குள் ஒளிந்திருந்தவர்கள் நூறு பேருக்கு மேல். அவர் 2018-இல் காலமானார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனவர்கள் பயந்தது இதற்குத்தான்!

இதையெல்லாம் நல்லபிள்ளையாக எழுதிவிட்டு, ஒன்றை விட்டுவிட முடியாது. பிரவுன் சொல்வதுபடி பார்த்தால் இந்த ஊரில் நாம்தான் கதவைத் திறக்க வேண்டியவர்கள். பினாங்கில் பத்துப் பேரை நிறுத்தினால் இந்தியர் ஒருவர் தேறுவது கஷ்டம். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக எம்சிஓ என்ற நடமாட்டக் கட்டுப்பாடு போட்டு எல்லாரும் வீட்டில் அடைந்துகிடந்தபோது, ரோஹிங்யாக்களைத் திருப்பி அனுப்பு என்று இணையத்தில் மனுக்கள் பறந்தன, கையெழுத்துகள் குவிந்தன. எழுதியவர்களில் பலர் அவர்களைப் போலவே ஐந்து வேளை தொழுகிறவர்கள். எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவிலும் காலை வணக்கப் பிள்ளையார் படத்துக்குக் கீழே அந்த மனு வந்து விழுந்தது. அனுப்பியவர் எனக்கு மாமா முறை, யாருக்கும் தீங்கு நினைக்காதவர். மேலே ஒரே சொல் போட்டிருந்தார், பெண்டாத்தாங். வந்தேறி. அவர் அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். அந்தச் சொல்லைத் தன்னை நோக்கி எத்தனை முறை கேட்டிருப்பார் என்று அவரிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கட்டைவிரல் படங்கள் பதினேழு வரை எண்ணினேன்.