டிராஃப்ட்: வரைவா, ஏலமா, முறைத்தேர்வா?

“2025 வரைவில் ஆஷ்டன் ஜென்ட்டி ஆறாவதாகத் தேர்வானார்.” அமெரிக்கக் கால்பந்தில் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்துகொள்ளும் ‘டிராஃப்ட்’டைப் பற்றிய இந்த வாக்கியத்தைப் படிக்கும் தமிழர் எதை நினைப்பார்? சட்ட வரைவு, தீர்மான வரைவு, வரைவு வாக்காளர் பட்டியல் என்றுதான் அந்தச் சொல் நமக்குப் பழகியிருக்கிறது. பந்தைச் சுமந்துகொண்டு ஓடும் ஒரு வீரர் எந்த ஆவணத்தில் ஆறாவது இடத்தில் இருக்கிறார் என்று அவர் குழம்பினால், பிழை அவருடையது ஆகாது. அகராதியில் கண்ட முதல் பொருளை எடுத்து ஒட்டியவருடையது.

டிராஃப்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் ‘இழு’ என்னும் பொருளுடையது. வண்டி இழுக்கும் மாடு, வலையில் ஒரே இழுப்பில் வரும் மீன், ஒரே மடக்கில் குடிக்கும் பானம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான் வழங்கியது. கோடு இழுப்பதிலிருந்து வரைபடமும், அதிலிருந்து ஆவணத்தின் முதல் படியும் வந்தன. நமது ‘வரைவு’ பொருந்துவது இந்தக் கிளைக்கு மட்டும். இன்னொரு கிளை படைக்குப் போனது. பெரிய படைப்பிரிவிலிருந்து சிலரை உருவித் தனிப்பணிக்கு அனுப்புவதும், பிறகு குடிமக்களைக் கட்டாயமாகப் படையில் சேர்ப்பதும் டிராஃப்ட் எனப்பட்டன. 1863இல் நியூயார்க்கில் வெடித்த கலவரம் இந்தக் கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்துத்தான். விளையாட்டுக்கு வந்த சொல் இந்தப் படைக் கிளையைச் சேர்ந்தது.

வந்த கதையும் சுவையானது. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், கல்லூரிகளின் சிறந்த வீரர்கள் வலுவான சில அணிகளுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். தோற்றுக்கொண்டிருந்த ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல், 1935இல் ஒரு வழி சொன்னார்: முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணி முதலில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளட்டும், முதலில் வந்த அணி கடைசியில். 1936 பிப்ரவரி 8 அன்று ஃபிலடெல்ஃபியாவில் அது முதன்முறையாக நடந்தது. ஒன்பது சுற்றுகள், 81 வீரர்கள். முதல் பெயர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஓட்டக்காரர், அதாவது பந்தைச் சுமந்து ஓடுபவர், ஜே பெர்வாங்கர். அவரைத் தேர்ந்த ஈகிள்ஸ் அந்த உரிமையைச் சிகாகோ பேர்ஸ் அணிக்கு மாற்றிக்கொடுத்தது. சம்பளப் பேச்சு படியவில்லை. அவர் தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே வேறு வேலைக்குப் போய்விட்டார். டிராஃப்ட்டில் ஓர் அணிக்குக் கிடைப்பது வீரர் இல்லை, அவரோடு பேரம் பேசும் தனியுரிமை மட்டுமே என்பதை முதல் பெயரே காட்டிவிட்டது.

‘ஏலம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஐபிஎல் பார்த்துப் பழகிய நமக்கு அது இயல்பாக வருகிறது. ஆனால் ஏலத்தில் வெல்வது பணம். இங்கே வெல்வது வரிசை. கேட்புத் தொகை என்ற ஒன்றே கிடையாது. ஏலம் என்று எழுதினால் பெர்ட் பெல் எதைத் தடுக்க நினைத்தாரோ அதையே எழுதியதாகிவிடும்.

வரைவு என்ற சொல்லுக்காக ஒரு வாதம் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு மனமில்லை. அகப்பாடல் மரபில் வரைவு என்றால் திருமணம். காலம் கடத்தும் தலைவனைத் தோழி மணந்துகொள்ளும்படி வற்புறுத்துவது வரைவு கடாதல். தனக்கு உரிமையாக்கிக்கொள்ளுதல் என்ற இந்தப் பழம்பொருள், அணி வீரரை உரிமையாக்கிக்கொள்வதற்கு வியக்கத்தக்க அளவு அருகில் நிற்கிறது. இன்றைய காதுக்கு அது கேட்காது என்பதுதான் வருத்தம்.

நான் முன்வைப்பது ‘முறைத்தேர்வு’. ‘இது என் முறை’ என்று குழந்தைகூடச் சொல்லும் முறை, அணிகளின் வரிசையைக் காட்டுகிறது. தேர்வு அதைவிட ஆழமானது. தேர்தல் என்றால் முதலில் ஆராய்தல், அதன்பிறகே தெரிவுசெய்தல். ‘தேறற்க யாரையும் தேராது’ என்று தொடங்கும் 509ஆவது குறளில் ‘தேராது’ என்பதற்கு ஆராயாமல் என்றே பொருள். இன்றும் மாணவர் எழுதுவது தேர்வு, குழு செய்வதும் தேர்வு. டிராஃப்ட்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்க இண்டியானாபொலிஸில் 40 கெஜ ஓட்டம் ஓடவைத்து நேரம் பார்க்கிறார்களே, அதுவும், பிறகு மேடையில் பெயர் அழைக்கப்படுவதும் நம் மொழியில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஓட்டக்காரர்களைத் தேர்வதுதான் கடினம். பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜென்ட்டி 2024இல் 374 முறை பந்தோடு ஓடி 2,601 கெஜம் கடந்தார். கல்லூரி ஆட்டத்தில் 1988இல் பாரி சாண்டர்ஸ் ஒரே பருவத்தில் படைத்த 2,628 கெஜச் சாதனைக்கு 27 கெஜமே குறைவு. ஆனால் சாண்டர்ஸ் அதைப் 11 ஆட்டங்களில் எட்டினார், ஜென்ட்டி ஆடியவை 14. மோதப்பட்ட பிறகும் விழாமல் எத்தனை கெஜம் போகிறார், எதிரணிகள் எவ்வளவு வலியவை, 374 முறை இடிபட்ட உடலில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பந்து எறிபவரைக் காக்கத் தடுத்து நிற்கத் தெரியுமா என்று கேள்விகள் நீளும். 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் முதல் சுற்றில் ஒரு ஓட்டக்காரரைக்கூட எவரும் எடுக்கவில்லை. அந்த அளவுக்கு அணிகள் அஞ்சின.

1995 இன்னும் கொடியது. முதல் பெயராக சின்சினாட்டி பெங்கால்ஸ் எடுத்த கி-ஜானா கார்ட்டர், பருவம் தொடங்கும் முன்னரே பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து அந்த ஆண்டையே இழந்தார். அதே முறைத்தேர்வில் 196ஆவதாக, ஆறாம் சுற்றில், டென்வர் பிராங்கோஸ் எடுத்த டெரல் டேவிஸ் 1998இல் ஒரே பருவத்தில் 2,008 கெஜம் ஓடினார்.

ஓட்டக்காரருக்கு ஆங்கிலத்தில் ரன்னிங் பேக் என்று பெயர். அதிலுள்ள ‘பேக்’, ஆட்டம் தொடங்கும் கோட்டில் நிற்கும் வரிசைக்குப் பின்னால் நிற்பவர் என்பதைக் குறிக்கிறது. ‘பின்னணி ஓட்டக்காரர்’ என்றால் பின்னணிப் பாடகர் நினைவுக்கு வந்துவிடும். ‘பின்வரிசை ஓட்டக்காரர்’ போதும். ஆக, அந்த முதல் வாக்கியத்தை இப்படி எழுதலாம்: 2025 முறைத்தேர்வில் பின்வரிசை ஓட்டக்காரர் ஆஷ்டன் ஜென்ட்டியை லாஸ் வேகஸ் ரைடர்ஸ் அணி ஆறாவதாகத் தேர்ந்துகொண்டது.