ஜாம் என்னும் உடன்புனைவு

ஜாம்: இசைக்கலைஞர்கள் இருவரோ பலரோ, எழுதி வைத்துக்கொள்ளாமலும் ஒத்திகை பார்க்காமலும், ஒருவர் வாசிப்பதை மற்றவர் காதில் வாங்கி அந்தக் கணத்திலேயே மறுமொழி தந்து, ஒன்றாக இசையை உருவாக்கிக்கொண்டே செல்வது. பெயராகவும் வினையாகவும் வழங்கும் ஆங்கிலச் சொல்.

தமிழில் இந்த ஒலிக்குப் பல வேலைகள் உண்டு. ரொட்டியில் தடவுவதும் ஜாம், பாலத்தின் மேல் வண்டிகள் நகராமல் நிற்பதும் ஜாம், அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொள்வதும் ஜாம். (கல்யாணம் ஜாம்ஜாமென்று நடப்பது வேறு குடும்பத்துச் சங்கதி, அதை இங்கே இழுக்க வேண்டாம்.) ஆகவே, ராக் இசை கேட்கும் ஒருவர் 'அந்த ஜாமை முழுதாகக் கேட்டுப் பார்' என்று சொல்லும்போது, கேட்டுப் பழகாதவருக்கு அது எதைக் குறிக்கிறது என்பது பிடிபடுவதில்லை. பிடிபட வேண்டுமானால் சொல்லின் வரலாற்றை மட்டும் பார்த்தால் போதாது. அந்தச் சொல்லை ராக் ரசிகர்கள் எந்த இசையைப் பற்றி அதிகம் பயன்படுத்தினார்களோ அந்த இசையையும் பார்க்க வேண்டும். கிரீம் என்ற மூவர் குழுவை விட அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் சொல். ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது 'இறுக்கி அழுத்து, நெருக்கித் திணி' என்ற பொருளில் பதிவாகிறது. அதற்கு முந்தைய வேர் உறுதியாகத் தெரியவில்லை. அழுத்தும் ஓசையிலிருந்து பிறந்த சொல்லாக இருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் ஊகம். பழத்தை நசுக்கிச் செய்யும் இனிப்புக்கும், போக்குவரத்து நெரிசலுக்கும், இயந்திரத்தின் சிக்கலுக்கும் இந்த அழுத்தமே அடிப்படை. இசைப் பொருள் 1920களின் இறுதியில் அமெரிக்க ஜாஸ் கலைஞர்களிடம் தோன்றியது. அப்போது அது, குழு முழுவதும் சேர்ந்து கட்டற்று வாசிக்கும் ஒரு சிறு பகுதியைக் குறித்தது. ஒருவர் தனியே வாசிப்பது அதன் முதற்பொருள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த பத்தாண்டில், சம்பளக் கச்சேரி முடிந்த பின் கலைஞர்கள் தங்களுக்காகவே கூடி வாசிக்கும் கூட்டத்துக்கு 'ஜாம் செஷன்' என்ற பெயர் வந்தது. 1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மிண்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற விடுதியில் நடந்த இத்தகைய கூட்டங்களிலிருந்துதான் பீபாப் என்னும் ஜாஸ் பாணி உருப்பெற்றது.

'ஜாஸ் ஆஃப்டர் மிட்நைட்' என்பதன் முதலெழுத்துகளே ஜாம் ஆயின என்று ஒரு கதை உலவுகிறது. நள்ளிரவுக்குப் பின் வாசித்தார்கள் என்பது உண்மையானாலும் சொல் அப்படிப் பிறந்ததற்குச் சான்று கிடையாது. நம் ஊரிலும் யாராவது ஒருவர் இதை 'ஜாமம்' என்பதோடு முடிச்சுப் போட்டு, யாமத்தில் இசைத்ததால் ஜாம் என்று எழுதக்கூடும். அதற்கும் சான்று கிடையாது.

இனி, இசை. எரிக் கிளாப்டன் (கிதார்), ஜாக் புரூஸ் (பேஸ் கிதார், பாட்டு), ஜிஞ்சர் பேக்கர் (டிரம்ஸ்) ஆகிய மூவரும் 1966 ஜூலையில் இங்கிலாந்தில் கிரீம் குழுவாக மேடையேறி, 1968 நவம்பர் 26 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைபெற்றார்கள். இரண்டேகால் ஆண்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கிளாப்டன் யார்ட்பேர்ட்ஸ், புளூஸ்பிரேக்கர்ஸ் குழுக்களின் வழியே வந்த ப்ளூஸ்காரர் (ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு மரபு). மற்ற இருவரும் கிரஹாம் பாண்ட் குழுவில் ஒன்றாக வாசித்தவர்கள், ஜாஸில் ஊறியவர்கள், தங்களுக்குள் ஓயாமல் சண்டையிட்டுக்கொண்டவர்கள். ப்ளூஸ் பாட்டை எடுத்துக்கொண்டு அதை ஜாஸ்காரர்களைப் போல விரித்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்தச் சேர்க்கையே விடையாக அமைந்தது.

ஆனால் அவர்கள் தொடக்கத்திலேயே நீட்டி வாசிக்கவில்லை. 1967 வசந்தத்தில் நியூயார்க் நாடக அரங்கு ஒன்றில், பல குழுக்கள் வரிசையாக ஏறி இறங்கும் நிகழ்ச்சியில், ஒரு நாளைக்குப் பல காட்சிகள், காட்சிக்கு ஒன்றிரண்டு பாட்டு என்ற கணக்கில் அவர்கள் வாசித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்குக்கு வந்தபோது நிலைமை தலைகீழானது. அங்கே கூடியவர்கள் கூச்சலிட வரவில்லை, கேட்க வந்தார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்ற இடமும் கிடைத்தது. கைவசம் இருந்த பாடல்கள் குறைவு, நேரம் அதிகம். பாடல்கள் நீண்டன. கிரீமின் ஜாம் பிறந்ததில் மூவரின் திறமைக்கு உள்ள பங்கில் பாதியாவது அந்த ரசிகர்களின் பொறுமைக்கும் உண்டு என்று எனக்குத் தோன்றும்.

நீட்சி எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு: 'ஸ்பூன்ஃபுல்' முதல் ஆல்பத்தில் ஆறரை நிமிடம், 1968இல் வெளியான 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' இரட்டை ஆல்பத்தின் மேடைப் பதிவில் ஏறத்தாழ 17 நிமிடம். 'ஸ்வீட் ஒயின்' மூன்று நிமிடச் சொச்சத்திலிருந்து 15 நிமிடமாயிற்று. அந்த இரட்டை ஆல்பத்தின் இரண்டாம் தட்டில் 'ஃபில்மோரில் நேரடியாக' என்று அச்சிட்டிருந்தாலும், அதிலுள்ள நான்கில் மூன்று, அதே ஊரில் இருந்த விண்டர்லாந்து அரங்கில் 1968 மார்ச்சில் பதிவானவை என்பது ரசிகர்கள் புதிதாக வருபவருக்கு முதலில் சொல்லித்தரும் செய்தி. எந்த இரவு, எந்தக் காட்சி என்பதெல்லாம் அவர்களுக்கு வேதம்.

'ஸ்பூன்ஃபுல்' மேடைப் பதிவைச் சற்று அருகிலிருந்து கேட்கலாம். வில்லி டிக்ஸன் எழுதி ஹவ்லின் வுல்ஃப் 1960இல் பாடிய பாட்டு அது. ஓரிரு சுரங்களால் ஆன ஒரு சிறு சுரத்தொடர் மீண்டும் மீண்டும் வரும். அடியில் பெரும்பாலும் ஒரே சுரக்கூட்டுதான் (சேர்ந்தொலிக்கும் சில சுரங்கள்), மாறுவதில்லை. பன்னிரண்டு அளவு, அதாவது பன்னிரண்டு தாளச் சுற்று கொண்ட வழக்கமான ப்ளூஸில் இத்தனையாவது அளவில் இந்தச் சுரக்கூட்டுக்குப் போக வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கும். இதில் அந்த ஒப்பந்தம் இல்லாததால் எவரும் எங்கும் போகலாம். புரூஸ் பாடி முடித்ததும் அந்தச் சுரத்தொடர் மெல்லக் கரைகிறது. பேஸ் கிதார், பின்னால் நின்று தாங்கும் தன் வேலையை விட்டுவிட்டு மேல் சுரங்களுக்கு ஏறிக் கிதாரோடு வாதாடத் தொடங்குகிறது. கிளாப்டன் ஒரு தொடரைச் சொல்லி முடிப்பதற்குள் புரூஸ் அதன் குறுக்கே புகுகிறார். பேக்கர் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும்போதே, இரண்டு பெரிய டிரம்களையும் கால்களால் உருட்டித் தானும் ஒரு வாதத்தை வைக்கிறார். ஒலி தணிந்து, பிறகு மூவரும் ஒரே திசையில் தள்ள, எழும்பி, பழைய சுரத்தொடர் திரும்ப வருகிறது. அது திரும்பும் இடத்தில் எழும் நிறைவைத்தான் ரசிகர்கள் 'அந்த ஜாம்' என்கிறார்கள். இங்கே முதன்மைக் கலைஞர் என்று ஒருவர் இல்லை, பக்கவாத்தியம் என்று ஒன்றும் இல்லை.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. நூறு வாட் மார்ஷல் ஒலிபெருக்கிகளை அடுக்கி வைத்து வாசித்த அந்தக் காலத்தில், தான் ஒருமுறை மேடையில் வாசிப்பதை நிறுத்திவிட்டதாகவும், மற்ற இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை என்றும் கிளாப்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேட்பது நின்றால் ஜாம் வெறும் இரைச்சல். இதையும் அந்த ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். 1968 அக்டோபர் பயணத்தின் சில இரவுகளில் மூவரும் தனித்தனியே ஓடியதை அவர்களைப் போலக் கடுமையாக விமர்சித்தவர்கள் குறைவு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நெரிசல்' ஆங்கில வேருக்கு நேரானதுதான், ஆனால் இசையைக் குறிக்க உதவாது. 'மனோதர்மம்' என்று பலர் எழுதுகிறார்கள். வடசொல் என்பது என் தடை இல்லை. அது ஒரு கலைஞரின் மனம் தன் போக்கில் விரிவதைச் சொல்கிறது. மனம் ஒன்று, மற்றவர் தொடர்பவர். ஜாமில் மனங்கள் ஒன்றையொன்று இடிக்கின்றன. பழைய உரைகளில் வரும் 'ஆளத்தி' அழகான சொல், ஆயினும் அது ஒரு பண்ணை விரித்துப் பாடும் ஆலாபனை. 'நிரவல்' சற்று நெருங்கி வருகிறது, எனினும் அது சாகித்தியத்தின் ஓர் அடியைப் பற்றிக்கொண்டே நடப்பது. கற்பனைச் சுரத்தில் பாடகரும் வயலின்காரரும் மாறிமாறி வாசிப்பது ஜாமுக்கு உறவு; மாறிமாறி என்பதே வேறுபாடு. 'தனி ஆவர்த்தனம்' பேக்கரின் 'டோட்' என்ற 16 நிமிட டிரம்ஸ் உருப்படிக்குக் கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் அது ஜாம் இல்லை; மற்ற இருவரும் தொடக்கத்திலும் முடிவிலும்தான் வாசிக்கிறார்கள். இப்போது சென்னையில் சினிமாப் பாட்டுகளைக் கூட்டமாகச் சேர்ந்து பாடுவதற்கும் 'ஜாமிங்' என்ற பெயர் வந்திருக்கிறது. இனிமையான பொழுதுதான், ஆனால் அங்கே எதுவும் புதிதாகப் புனையப்படுவதில்லை. 'சேர்ந்திசை' என்ற நல்ல சொல் அதற்குக் காத்திருக்கிறது.

நான் பரிந்துரைப்பது 'உடன்புனைவு'. 'உடன்' என்பதற்குத் தமிழில் இரண்டு முகங்கள். உடன்பிறந்தார், உடன்பாடு, அகத்திணையின் உடன்போக்கு ஆகியவற்றில் அது 'கூட' என்று பொருள்படும். 'உடன் புறப்பட்டு வரவும்' என்று அந்நாளில் தந்தி வந்தால் அது 'இந்தக் கணமே'. ஜாமுக்கு வேண்டிய இரண்டும் இவைதாம்: கூடிச் செய்வது, அப்போதே செய்வது. ஆங்கிலச் சொல்லில்கூட இந்த இரண்டாவது பொருள் வெளிப்படையாக இல்லை. 'புனைவு' இன்று கதைக்கும் பொய்க்கும் ஒதுங்கிவிட்டதே என்று தடை சொல்லலாம். மாலை புனைவதும் புனைதல்தான். கைக்கு வரும் பூவைப் பார்த்து அடுத்ததைத் தொடுப்பது. வினையாக்கவும் எளிது: மூவரும் உடன்புனைந்தார்கள். கூட்டத்தை 'உடன்புனைவரங்கு' என்னலாம். கலைச்சொல் என்ற வாடை சற்று அடிக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். புழங்கப் புழங்கப் போய்விடும்.

சொல்லைக் கடினமான இடத்தில் வைத்துச் சோதிக்கலாம். ராபர்ட் ஜான்சன் 1936இல் பதிவுசெய்த ப்ளூஸ் பாட்டின் கிரீம் வடிவமான 'கிராஸ்ரோட்ஸ்', நான்கு நிமிடச் சொச்சமே ஓடுவது. விண்டர்லாந்து பதிவுகளில் ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது. கிளாப்டனுக்கோ அது பிடிக்காது. எது முதல் அடி என்பதே அந்நாளில் அடிக்கடி தனக்குத் தப்பிப்போகும் என்றும், இதிலும் அப்படித் தப்பியிருந்தால் வியப்பில்லை என்றும் ஒரு நேர்காணலில் அவர் சொன்னார். நம் மொழியில் சொன்னால், சமம் எங்கே என்று தெரியாமல் போயிற்று. நீண்ட இரண்டாவது கிதார்ப் பகுதியை விரல்விட்டு எண்ணிக் கேட்பவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் புலப்படும். ஆனால் வாசிப்பு சிதறவில்லை. மூவரும் ஒருவரையொருவர் இழுத்துப் பிடித்துப் பாட்டைப் பழைய தடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பிழையும் திருத்தமும் அதே கணத்தில், கூடவே நிகழ்வதால், இதுவும் உடன்புனைவே. கலைஞருக்கு அது தவறு. கேட்பவருக்கு அதுவே நேரடி மேடையின் உயிர்.

இன்னொரு சோதனை. 2005 மே மாதத்தில் அதே ராயல் ஆல்பர்ட் ஹாலில் மூவரும் நான்கு இரவுகள் மீண்டும் வாசித்தார்கள். புரூஸ் கல்லீரல் மாற்று அறுவைக்குப் பின் மீண்டவர், பேக்கருக்கு மூட்டுவலி. கிளாப்டனின் கையில் பழைய கிப்சன் கிதாருக்குப் பதில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார். வேகம் தணிந்திருந்தது, ஒலியும் தணிந்திருந்தது. ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்டது என்று மகிழ்ந்த ரசிகர்கள் உண்டு. ஏதோ ஒன்று குறைகிறது என்று சொல்லி, அது என்னவென்று பெயரிடத் தெரியாமல் 'ஜாம் இல்லை' என்று மட்டும் சொன்னவர்களும் உண்டு. அவர்கள் தேடிய வாக்கியம் தமிழில் இப்படி அமையும்: 1968இல் மூவரும் உடன்புனைந்தார்கள், 2005இல் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வாசித்தார்கள்.