பழைய காரின் விளக்குகள்: பல்பை மாற்றுமுன் எர்த்தைப் பாருங்கள்

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய கார் ஒன்றை அதன் உரிமையாளர் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பின்பக்க இடது பிரேக் லைட் எரிவதே தெரியவில்லை என்பது அவருடைய குறை. ஏற்கெனவே மூன்று முறை பல்பு மாற்றிவிட்டார். கழற்றிய மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் பேட்டரியோடு இணைத்துப் பார்த்தேன். மூன்று பல்புகளிலும் டெயில் லைட்டுக்கான 5 வாட் இழையும் எரிந்தது, பிரேக் லைட்டுக்கான 21 வாட் இழையும் எரிந்தது. ஒரு பல்பில்கூடப் பழுது இல்லை.

பிறகு அவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, பார்க்கிங் லைட்டைப் போடாமலேயே வண்டியின் பின்னால் போய் நின்றேன். பிரேக் லைட் மங்கலாகச் சிவந்ததோடு, அதன் பக்கத்தில் இருந்த இண்டிகேட்டர் பல்பின் இழையும் தணல்போல மெல்லிய சிவப்பில் தெரிந்தது. ஒரு விளக்கைப் போட்டால் இன்னொரு விளக்கு அரைகுறையாக எரிகிறது என்றால் அந்த விளக்குக் கொத்தின் எர்த், அதாவது மின்சாரம் காரின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, போய்விட்டது என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். பின்பக்க விளக்குக் கொத்து ஒன்றில் டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே எர்த் ஒயர்தான் இருக்கும். அது அறுந்தாலோ துருவேறினாலோ, பிரேக் இழை வழியாக வரும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழி தேடுகிறது. பக்கத்தில் உள்ள இண்டிகேட்டர் இழைக்குள் தலைகீழாக நுழைந்து, அதே இணைப்பில் உள்ள முன்பக்க இண்டிகேட்டர் பல்பைச் சென்றடைந்து, அங்கிருக்கும் நல்ல எர்த் வழியாக அது வெளியேறும். இப்படி இரண்டு மூன்று இழைகளை வரிசையாகக் கடப்பதால் எந்த இழைக்கும் முழு மின்னழுத்தம் கிடைப்பதில்லை.

டிக்கியின் ஓரத்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, எர்த் ஒயரின் லக் (ஒயர் முனையில் உள்ள உலோக வளையம்) மாட்டியிருந்த போல்ட்டைச் சுற்றிச் செந்துருப் பொடி உதிர்ந்து கிடந்தது. லக்கின் உள்வளையம் கறுத்திருந்தது. ஒயரைச் சற்று வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. களிம்பு ஏறிய பகுதி முடிந்து பளபளப்பான செம்பு தெரியும் வரை ஒயரை வெட்டி, புது லக் அடித்து, பாடியில் பெயின்டும் துருவும் போய் வெள்ளைத் தகடு தெரியும் வரை உப்புத்தாளால் தேய்த்து, பற்கள் உள்ள வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். அரை மணி நேர வேலைதான். உறையில் இருந்த பழைய பல்புகளில் ஒன்றையே திரும்ப மாட்டி அனுப்பினேன்.

இந்த அனுபவத்தை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய காரில் விளக்கு எரியவில்லை என்றதும் நம் கை முதலில் பல்பைத்தான் தேடிப் போகிறது. பல்பு போவதும் உண்டுதான்: இழை அறுந்திருக்கும், அல்லது கண்ணாடியின் உட்புறம் கறுத்திருக்கும், எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் மாற்றிய பல்பு சில வாரங்களிலேயே மங்குகிறது, மேட்டில் ஏறி இறங்கும்போது அணைந்து எரிகிறது, தட்டினால் எரிகிறது என்றெல்லாம் வந்தால், பல்பை விட்டுவிட்டு அதற்கு மின்சாரம் வரும் வழியையும் திரும்பிப் போகும் வழியையும் பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஆனால் அளக்கும் முறை முக்கியம். பலர் விளக்கை அணைத்துவிட்டு மீட்டரை ஓம் நிலையில் வைத்து, சத்தம் வந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் கூவும். ஹெட்லைட்டுக்குத் தேவையான 5 ஆம்பியரை அந்த ஒற்றை இழையால் இழப்பில்லாமல் கொண்டுசெல்ல முடியாது. ஆகவே விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பல்பு ஹோல்டரின் எர்த் பக்கத்திலும் மறு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டும் அதற்குக் கீழும் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.2 வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். அரை வோல்ட் என்றால் எங்கோ துருவோ தளர்வோ இருக்கிறது. பாசிட்டிவ் பக்கத்தையும் இதே முறையில், பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து பல்பின் பாசிட்டிவ் முனை வரை அளக்கலாம். பழைய வண்டிகளின் ஹெட்லைட்டில் இங்கே 1 வோல்ட்டுக்கு மேல் இழப்பைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒரு வோல்ட்தானே என்று நினைக்கக் கூடாது. இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருந்து, பல்புக்கு 12 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்றால், கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் சுமார் 40 சதவீதத்தை ஒயரிலேயே இழந்துவிட்டோம். இந்த நிலையில் வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு வாங்கி மாட்டுவது ஆபத்தான தீர்வு. 60/55 வாட்டுக்காகப் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) போடப்பட்ட மெல்லிய ஒயரும் பழைய சுவிட்சும் அந்தச் சுமையில் சூடேறும். பல்போடு ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளர் பழுப்பேறி உருகி, டெர்மினலோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி உருகிய கப்ளர்களை நான் கத்தியால் வெட்டி எடுத்திருக்கிறேன். சரியான வழி, அதே 60/55 வாட் பல்பை வைத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு தடித்த ஒயர் இழுத்து, டிம்முக்கு ஒன்றும் பிரைட்டுக்கு ஒன்றுமாக ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) போடுவது. பழைய சுவிட்ச் இனி ரிலேவை இயக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டும் தாங்கினால் போதும் என்பதால் அதன் ஆயுளும் நீளும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 ஆம்பியர் போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். ஃபியூஸ் எரியாவிட்டால் ஒயர் எரியும். டிக்கிக் கதவின் கீல் அருகே வளைந்து நிமிரும் ஒயர்களில் உறை கிழிந்து செம்பு பாடியில் உரசுகிறதா என்று முதலில் பாருங்கள். ஷார்ட்டுக்கு மிகவும் பழக்கமான இடம் அது. இரண்டு பிரேக் லைட்டுகளும் ஒரே நேரத்தில் எரியாமல் போனால், ஃபியூஸுக்கு அடுத்தபடியாகப் பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்சைச் சோதியுங்கள். இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கிறது என்று பொருள். இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் கருவியான ஃபிளாஷர் பழைய வெப்ப வகையாக இருந்தால், சிலவற்றில் இது மாறி, அடிப்பது நின்று விளக்கு எரிந்தபடியே இருக்கும். இழை பல்புக்குப் பதில் எல்இடி மாட்டினாலும் ஃபிளாஷர் சுமை குறைவதைப் பார்த்துப் பல்பு போய்விட்டது என்றே கணக்கிட்டு வேகமாக அடிக்கும்.

பல்பை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலையில் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. முதலாவது பலருக்கும் தெரிந்ததுதான்: ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடக் கூடாது, விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் அளவுக்கு மீறிச் சூடாகிப் பல்பு சீக்கிரம் போய்விடும். இரண்டாவது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. டெயில் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் பொதுவான இரட்டை இழை பல்பின் இரு பக்க முளைகளும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். பல்பு தலைகீழாகப் போய்விடக் கூடாது என்பதற்காகவே அந்த அமைப்பு. தேய்ந்துபோன பழைய ஹோல்டரில் அழுத்தித் திருகினால் அது தவறான பக்கத்திலும் உட்கார்ந்துவிடும். அப்போது இரவில் 21 வாட் இழை டெயில் லைட்டாக எரியும். பிரேக் மிதித்தால் அதோடு 5 வாட் மட்டுமே கூடும். பின்னால் வருபவருக்கு நாம் வேகத்தைக் குறைப்பது தெரியவே தெரியாது. பல்பு மாற்றிய பிறகு வண்டியைச் சுவர் ஓரமாகப் பின்பக்கம் நிறுத்தி, பார்க்கிங் லைட்டைப் போட்டு, பிரேக்கை மிதித்துவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். சுவரில் விழும் சிவப்பு இரு பக்கமும் ஒரே அளவில் பளிச்சென்று கூட வேண்டும்.

ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் முகம் மஞ்சள் பூத்திருந்தால், நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு கொடுக்க வேண்டும். பூச்சு இல்லாமல் விட்டால் சில மாதங்களிலேயே மறுபடி மங்கும். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரின் (ஒளியைத் திருப்பும் கிண்ணத்தின்) பளபளப்பான பூச்சு உரிந்திருந்தால் எந்தப் பல்பும் பயன் தராது. முழு லைட்டையும் மாற்றத்தான் வேண்டும்.

ஹெட்லைட்டைக் கழற்றி மாட்டிய எவரும் அதன் கோணத்தைச் சரிபார்க்காமல் சாலைக்குப் போகக் கூடாது. சமதரையில், டயர்களில் சரியான காற்றோடு, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். பல கார்களுக்கு டிம் ஒளியின் மேல்விளிம்பு அந்தத் தூரத்தில் விளக்கின் மைய உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு உரிய சரிவு ஹெட்லைட்டின் மேல் ஒட்டியிருக்கும் சிறு அட்டையில் சதவீதமாகக் குறிக்கப்பட்டிருந்தால் அதையே பின்பற்றி, பின்புறத் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று மெதுவாகத் திருகிச் சரிசெய்யுங்கள்.