பேனாவுக்கு ஏலம், டிக்கெட் இலவசம்

சுங்கை சிப்புட்டில் நாங்கள் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் ஒட்டுக்கடையில், ஒரு மாலை நேரத்தில், என் அக்காள் மகன் கைப்பேசியை என் முன் நீட்டி, "மாமா, இந்தப் பேனாவப் பாருங்க" என்றான். திரையில் சாதாரண நீல மைப் பேனா ஒன்றின் படமும், அதற்குக் கீழே 540 ரிங்கிட் என்ற ஏலத்தொகையும் இருந்தன. பேனாவை எடுப்பவருக்குப் புக்கிட் ஜாலில் அரங்கில் நடக்கவிருந்த இசை நிகழ்ச்சியின் டிக்கெட் ஒன்று அன்பளிப்பாகத் தரப்படும் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. அந்த டிக்கெட்டின் அச்சிட்ட விலை 198 ரிங்கிட். அச்சிட்ட விலைக்கு மேல் டிக்கெட் விற்கக் கூடாது என்பது அந்த ஏலத்தளத்தின் விதி. பேனாவுக்கு அப்படியொரு விதி கிடையாது.

இத்தகைய விற்பனையாளரை மலாய்க்காரர்கள் 'உலாட் தீக்கெட்', அதாவது டிக்கெட் புழு, என்பார்கள். செம்பனை ஓலைத் துணுக்குகளையே போர்த்திக்கொண்டு ஓலையை அரித்துத் தின்னும் 'உலாட் புங்குஸ்' புழுவோடு மல்லுக்கட்டிய தோட்டத்து மக்களுக்கு அப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் புழுவுக்கு இரையாவது விலை இடைவெளி. இரசிகர்களின் மனம் கோணாதிருக்கவும் அரங்கம் நிறைந்திருக்கவும் விரும்பும் அமைப்பாளர்கள், சந்தை தாங்கக்கூடியதைவிடக் குறைந்த விலையையே பெரும்பாலும் வைக்கிறார்கள். மிச்சத்தை முதலில் டிக்கெட்டைக் கைப்பற்றியவர் அறுவடை செய்கிறார். அமெரிக்காவின் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் 2003 முதல் சில ஆண்டுகள் நல்ல இருக்கைகளைத் தானே ஏலம் விட்டபோது, மறுவிற்பனையில் கிடைத்து வந்த அந்த இலாபம் சராசரியாக ஏறக்குறைய மறைந்தே போனது என்று ஆதித்யா பாவே, எரிக் பூடிஷ் ஆகியோரின் ஆய்வு காட்டியது. இருந்தும் அம்முறை நிலைக்கவில்லை.

ஏலம் எங்களுக்குப் புதிதன்று. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா முடிந்து எலுமிச்சம்பழத்தை ஏலம் விடும் தலைவர், 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று சொல்லிவிட்டு, மூன்றாம் தரத்தை வாயிலேயே வைத்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிப் பார்ப்பார். யாராவது ஐந்து வெள்ளி கூட்டிக் கேட்டால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஈபே போன்ற தளங்களில் ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடுகிறது. அங்கே நாம் தரத் தயாராக உள்ள உச்சத்தொகையை மறைவாகப் பதிந்து வைத்தால், கணினி நமக்காகப் படிப்படியாக ஏற்றிக் கேட்கும். என் உச்சம் 400, அடுத்தவர் உச்சம் 350, ஒரு படி 5 ரிங்கிட் என்றால், நான் கொடுக்க வேண்டியது 355 மட்டுமே. இரண்டாவது உயர்ந்த தொகையே விலையைத் தீர்மானிக்கும் ஏலத்தில், தாம் தரத் தயாராக உள்ள உச்சத்தொகையை உள்ளபடி கேட்பதே நல்லது என்று வில்லியம் விக்ரி 1961-இல் நிறுவினார். 1996-இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்தக் கணக்கு, மற்றவர்கள் நேர்மையாகக் கேட்கிறார்கள் என்று நம்புகிறது. விற்பவரின் கூட்டாளியே வேறு பெயரில் புகுந்து 395 என்று பதிந்தால், அதே டிக்கெட்டுக்கு நான் 400 அழ வேண்டியதுதான். அதனால் அனுபவசாலிகள் கடைசி நொடிவரை தம் தொகையைக் காட்டுவதில்லை. ஏலம் கேட்கப்பட்டால் முடிவு நேரத்தை நீட்டிய அமேசான் ஏலங்களில் இந்தக் கடைசி நொடிப் பாய்ச்சல் ஈபேயைவிட மிகக் குறைவாக இருந்ததை ஆல்வின் ராத், ஆக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினர். எங்கள் கோயில் தலைவரின் மூன்றாம் தரம் செய்யும் வேலையும் அதுதான்.

இனிப் பேனாவுக்கு வருவோம். பிரிட்டனின் 1994 ஆம் ஆண்டுச் சட்டம், காற்பந்து டிக்கெட்டுகளை அனுமதியின்றிப் பொது இடத்திலோ வணிகமாகவோ விற்பதைக் குற்றமாக்கியது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு இணையத்தில் ஒற்றை டிக்கெட்டை விற்கும் தனிமனிதர் அந்தச் சொற்களுக்குள் எளிதில் அகப்படவில்லை. 2006-இல் அப்பிரிவைத் திருத்தியவர்கள், வேறொரு பொருளுக்கோ சேவைக்கோ பணம் கொடுப்பவருக்கு டிக்கெட்டை வழங்குவதும் விற்பனையே என்று வெளிப்படையாக எழுதி, பேனா ஓட்டையை அடைத்தார்கள். ஆனால் அது காற்பந்துக்கு மட்டுமே. 2005-இல் இலண்டனில் நடந்த லைவ் 8 என்ற வறுமை ஒழிப்பு இசை நிகழ்ச்சிக்கு, குறுஞ்செய்திக் குலுக்கலில் இலவசமாகக் கிடைத்த டிக்கெட்டுகள் ஈபேயில் ஏலத்துக்கு வந்தபோது எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை; பொதுமக்களே கோடிக்கணக்கில் பொய்த்தொகை கேட்டு ஏலங்களைக் குலைத்தார்கள், ஈபேயும் பணிந்து அவற்றை நீக்கியது. இதுவரை நான் படித்ததில் மிகவும் இரசித்த சட்ட அமலாக்கம் அதுதான்.

ஒவ்வொரு விதியும் ஒரே இடத்தைத்தான் பார்க்கிறது. அமெரிக்காவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டம், கொள்முதல் வரம்பை மீற உதவும் தானியங்கி மென்பொருளைத் தடுக்கிறது. மறுவிற்பனை விலையை அது தொடுவதில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2018 முதல் மூல விலைக்கு மேல் 10 விழுக்காட்டோடு நிறுத்தச் சொல்கிறது. மலேசியாவில் 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் அது வணிகம் நடத்துபவரை மனத்தில் வைத்து அமைந்தது என்பதால், மிஞ்சிய ஒரு டிக்கெட்டைத் தள்ளிவிட்டதாகச் சொல்லும் ஆளை அங்கே நிறுத்துவது எளிதன்று.

விற்பவருக்கும் ஒரு பகை உண்டு, அது நாள்காட்டி. நிகழ்ச்சி முடிந்த மறுநொடியே டிக்கெட் வெறும் தாள். அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டங்களின் மறுவிற்பனையை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஸ்வீட்டிங், ஆட்ட நாள் நெருங்க நெருங்க விலை 40 விழுக்காடும் அதற்கு மேலும் சரிவதைக் கண்டார். இதைச் சொல்லித்தான் என் அக்காள் மகனை அன்று பொறுத்திருக்க வைத்தேன். நிகழ்ச்சிக்கு முந்திய இரவு, அதே விற்பனையாளரின் இன்னொரு பேனா 160 ரிங்கிட்டில் நின்றுகொண்டிருந்தது. கடைசிப் பத்து நொடியில் அவன் 200 என்று பதிந்தான், 165-க்கு முடிந்தது. டிக்கெட் மின்னஞ்சலில் வந்துவிட்டது. பேனாதான் இன்னும் வந்து சேரவில்லை.